பெர்லின், ஹாம்பர்க், லைப்சிக்: எந்த இசையரங்கைச் சுற்றிப் பார்க்கலாம்?

வேலை, படிப்பு, பிள்ளைகளைப் பார்க்க என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு நாள் மிஞ்சும். அந்த நாளில் பெரிய இசையரங்கு ஒன்றை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தால் மூன்று பெயர்கள்தான் முதலில் வரும்: பெர்லின் பில்ஹார்மோனி, ஹாம்பர்க்கின் எல்ப்பில்ஹார்மோனி, லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ். மூன்றும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுந்த கட்டடங்கள். மூன்றிலும் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க டிக்கெட் உண்டு. ஒரு நாளில் மூன்றையும் பார்க்க முடியாது, அப்படி ஓடிப் பார்ப்பதிலும் அர்த்தம் இல்லை.

படங்களை வைத்து முடிவு செய்தால் ஹாம்பர்க்குக்குத்தான் எல்லோரும் கை தூக்குவார்கள். கட்டடக்கலை படித்தவர்கள் பெர்லின் என்பார்கள். என் ஓட்டு லைப்சிக்குக்கு. மூன்றில் படத்துக்கு மிகக் குறைவாக ஈடுகொடுப்பது அதுதான் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்த டூர்களில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது.

ஏறக்குறைய ஒரு மணி நேரம். முகப்புக்கூடம், படிக்கட்டுகள், பெரிய அரங்கு, நேரம் ஒத்துவந்தால் சிறிய அரங்கு. கூட வருகிறவர் கட்டடத்தின் கதையைச் சொல்வார், ஒலியமைப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார். இசை இருக்காது. இது பலருக்கு அங்கே போன பிறகுதான் உறைக்கிறது. காலியான அரங்கில், விளக்குகள் பாதி எரிய, நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் டூர். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: உள்ளே ஒத்திகை நடந்தால் அரங்கின் கதவே திறக்காமல் போகலாம். ஆர்கெஸ்ட்ராவுக்கு அது வேலை செய்யும் இடம், நமக்காக அவர்கள் எழுந்து போக மாட்டார்கள். பெரும்பாலான சுற்றுகள் ஜெர்மன் மொழியில். ஆங்கிலச் சுற்றுக்கு நாளும் நேரமும் தனி, அரங்கின் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட்டே போட வேண்டும்.

ஆகவே நான் கேட்கும் கேள்விகள் மூன்று. டூருக்குப் பணம் கொடுத்தால்தான் தெரியக்கூடிய விஷயம் அங்கே என்ன இருக்கிறது? அதே நாளில் அங்கே, அல்லது பக்கத்தில், இசை கேட்க வழி உண்டா? அந்த அரங்கின் பின்னால் இருக்கும் இசை வரலாறு எவ்வளவு தூரம் கைக்கு எட்டுகிறது?

ஹாம்பர்க்: கட்டடமே கதாநாயகன்

எல்ப்பில்ஹார்மோனியின் கதை ஒரு கிடங்கில் தொடங்குகிறது. 1960-களில் வெர்னர் கால்மோர்கன் வடிவமைத்த செங்கல் கிடங்கு அது. கோகோ, தேயிலை, புகையிலை மூட்டைகள் அடுக்கியிருந்த இடம். கப்பல்கள் கன்டெய்னருக்கு மாறியதும் அதற்கு வேலை இல்லாமல் போனது. அந்தக் கிடங்கின் வெளிச்சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தலைமேல் கண்ணாடி அலை போல ஒரு கட்டடத்தை ஏற்றினார்கள் ஹெர்ட்சாக், டி மியூரோன் என்ற சுவிஸ் கட்டடக்கலைஞர்கள். உயரம் 110 மீட்டர். கிடங்கு 1,111 அடித்தூண்கள்மேல் நின்றுகொண்டிருந்தது. புதிய பாரத்தைத் தாங்க இன்னும் 650 தூண்களை ஆற்றுமண்ணுக்குள் இறக்கினார்கள்.

செலவுக் கதையையும் வழிகாட்டிகள் மறைக்காமல் சொல்வார்கள், ஹாம்பர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கப் பழகிவிட்டார்கள். தொடக்கத்தில் நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்றார்கள். கடைசியில் நகரம் மட்டும் கொடுத்தது 78.9 கோடி. 2010-இல் திறக்க வேண்டியது, வழக்கு, பாதியில் நின்ற கட்டுமானம் எல்லாம் தாண்டி 2017 ஜனவரி 11 அன்று திறந்தது.

அரங்கின் உள்ளே கவனிக்க வேண்டியது சுவர். யாசுஹிசா டொயோட்டா என்ற ஜப்பானிய ஒலியியல் நிபுணரின் கணக்குப்படி சுவரும் கூரையும் சுமார் 10,000 ஜிப்சம் பலகைகளால் மூடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிப்பி ஓடு போன்ற குழிகள். ஒரு குழி போல இன்னொன்று இல்லை. ஒலி எங்கேயும் ஒரே பக்கமாகத் திரும்பி மோதாமல் சிதறிப் பரவத்தான் இந்த ஏற்பாடு. முழு அரங்கும் 362 சுருள்வில் கட்டுகள்மேல் உட்கார்ந்திருக்கிறது, வெளியே துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் உள்ளே கேட்காது. 2,100 பேர் உட்காரலாம். கடைசி இருக்கைக்காரரும் இசை நடத்துநரிடமிருந்து 30 மீட்டருக்குள்தான் இருப்பார். ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியின் குழாய்களில் சில, இருக்கைகளுக்குப் பின்னால் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கின்றன. தொட்டால் கறை படியாதபடி பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள், தாராளமாகத் தொடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனாலும் ஹாம்பர்க்கில் டூருக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. 37 மீட்டர் உயரத்தில், கிடங்கும் கண்ணாடியும் சேரும் இடத்தில் பிளாசா என்ற பொதுத்தளம் இருக்கிறது. 82 மீட்டர் நீளமுள்ள, நடுவில் வளைந்து போகும் எஸ்கலேட்டரில் ஏறிப் போக வேண்டும். கட்டடத்தைச் சுற்றி வெளியே நடந்து வரலாம். எல்பே ஆறு, துறைமுகம், பழைய கிடங்குத் தெரு எல்லாம் தெரியும். நேரில் போய்ச் சீட்டு வாங்கினால் காசில்லை. முன்பதிவு செய்தால் சிறு கட்டணம். படம் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது இதுதான். டூரில் இதற்குமேல் கிடைக்கும் பெரிய விஷயம் அரங்கின் உட்புறம், அதுதான் ஒத்திகை நாளில் கைவிட்டுப் போகக்கூடியது.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கச்சேரிக்கே போய்விடுங்கள். கூடிய மட்டும் மேடைக்கு எதிர்ப்பக்க இருக்கையாகப் பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா மட்டும் என்றால் எங்கே உட்கார்ந்தாலும் பாதகமில்லை, பாடகர் இருந்தால் நிலைமை வேறு. குரல் ஒரு திசை நோக்கித்தான் போகும். 2019 ஜனவரியில் யோனாஸ் காஃப்மன் பாடிய கச்சேரியில், மேடைக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்த சிலர் கேட்கவில்லை என்று நடுவிலேயே குரல் கொடுத்து, அது செய்தியாகிவிட்டது.

இசை வரலாறு? ஹாம்பர்க்கில் அது நிறையவே இருக்கிறது, இந்தக் கட்டடத்தில்தான் இல்லை. இசையமைப்பாளர் பிராம்ஸ் 1833-இல் பிறந்த ஊர். மெண்டல்சன் 1809-இல் பிறந்ததும் இங்கேதான். டெலிமான், பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல், மாலர் என்று பலர் வேலை பார்த்த ஊர். இவர்களுக்கெல்லாம் பீட்டர் தெருவில் அடுத்தடுத்துச் சிறிய அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 1908-இல் ஒரு கப்பல் முதலாளி குடும்பத்தின் நன்கொடையில் கட்டிய லைஸ்ஹாலே என்ற பழைய அரங்கு இன்றும் நல்ல பயன்பாட்டில் இருக்கிறது. மரபைத் தேடி ஹாம்பர்க்குக்கு வருகிறவர் எல்ப்பில்ஹார்மோனியிலிருந்து வெளியே வந்து நடக்க வேண்டியிருக்கும்.

பெர்லின்: உள்ளே நின்றால்தான் புரியும்

பெர்லின் பில்ஹார்மோனிக்கு வெளியே நின்று பார்த்தால் மஞ்சள் கூடாரம் ஒன்று சரிந்து நிற்பது போல இருக்கும். அன்றைய தலைமை நடத்துநர் கராயானின் பெயரை வைத்து, ஊர்க்காரர்கள் கராயானின் சர்க்கஸ் என்று கிண்டல் செய்த கட்டடம். அந்தப் பொன்னிறத் தகடுகள்கூடத் திறப்பு விழாவின்போது இல்லை, பல வருடம் கழித்து வந்தவை. டூருக்குப் பணம் கொடுக்கத் தகுந்தது மூன்றில் எது என்று மட்டும் கேட்டால் பெர்லின்தான் என்பேன், ஏனென்றால் இதன் விசேஷம் முழுக்க உட்புறத்தில் இருக்கிறது.

இதன் கட்டடக்கலைஞர் ஹான்ஸ் ஷாரூன் செய்தது, சொல்லும்போது எளிமையான காரியம். அதுவரை அரங்கு என்றால் நீளமான பெட்டி: ஒரு முனையில் மேடை, மறுமுனை வரை வரிசைகள். இவர் மேடையை நடுவுக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டம் போல இருக்கைகளைச் சிறு சிறு தளங்களாக ஏற்றினார். ஒவ்வொரு தளத்தின் கைப்பிடிச் சுவரும் பக்கத்துத் தளத்துக்கு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. 2,200-க்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் இடம் என்று நம்ப முடியாத நெருக்கம். அன்றைக்கு இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிறகு உலகம் முழுக்கப் புதிய அரங்குகள் இந்த வழியில்தான் போயின. மேலே சொன்ன ஹாம்பர்க் அரங்கும் இதன் பேரப்பிள்ளைதான்.

முகப்புக்கூடத்தில் சாய்ந்த தூண்களும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் படிக்கட்டுகளும் இருக்கின்றன. முதல்முறை வருகிறவர் தன் இருக்கைக்கு எந்தப் படி என்று தேடித் திணறுவார். ஒரு வழிகாட்டி கூட இருப்பது இங்கே உண்மையிலேயே உதவி. மேலே பார்த்தால் வண்ணக் கண்ணாடிச் சுவர், கீழே தரையில் பதித்த கல் கோலங்கள், எதுவும் நேர்கோட்டில் இருக்காது.

1882-இல் தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா இது. தங்கள் தலைமை நடத்துநரைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர்கள். இவர்களுடைய பழைய வீடு, உருளைச் சறுக்கு மைதானமாக இருந்து அரங்காக மாறிய ஒன்று. 1944 ஜனவரி 30 அன்று குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்து பல வருடம் ஒரு சினிமா கொட்டகையில்கூட வாசித்தார்கள். புதிய அரங்கு 1963 அக்டோபர் 15 அன்று பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியோடு திறந்தது, நடத்தியவர் கராயான். அப்போது பெர்லின் சுவர் எழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, எல்லை கூப்பிடு தூரத்தில். அந்தச் சுவர் விழுந்த மூன்றாம் நாள், 1989 நவம்பர் 12 அன்று, கிழக்கு ஜெர்மனிக்காரர்களுக்கு மட்டுமாக இங்கே ஒரு இலவசக் கச்சேரி நடந்தது. டேனியல் பேரன்பாய்ம் நடத்தினார், அதிலும் பீத்தோவன்தான்.

கதையின் இருண்ட பக்கமும் இந்த வாசலிலேயே இருக்கிறது. நாஜிக் காலத்தில் இந்த ஆர்கெஸ்ட்ரா கோயபல்ஸின் பிரசார அமைச்சகத்துக்குக் கீழே போனது, யூத உறுப்பினர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அரங்குக்கு வெளியே 24 மீட்டர் நீளத்துக்கு நீலக் கண்ணாடிச் சுவர் ஒன்று நிற்கிறது. உடல், மன ஊனமுற்றவர்களைக் கொல்லும் திட்டத்தை நிர்வகித்த அலுவலகம் இருந்த இடம் அது, பழைய முகவரி தீர்கார்ட்டன் தெரு 4. டூர் நேரத்துக்கு முன்னதாகப் போனால் அங்கே நின்று படித்துவிட்டு உள்ளே போகலாம். பலர் பஸ் நிறுத்தம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

பெர்லினுக்கு இன்னொரு அனுகூலம், மதியக் கச்சேரி. சீசன் நடக்கும் மாதங்களில் வாரம் ஒரு நாள், மதியம் ஒரு மணிக்கு, முகப்புக்கூடத்தில் சிறு குழு ஒன்று வாசிக்கும். டிக்கெட் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். அந்த நாளை ஒட்டி டூரையும் போட்டுக்கொண்டால், செலவில்லாமல் இசையும் சேர்ந்துவிடும். காசு கொடுத்து மாலைக் கச்சேரிக்குப் போகிறவர்கள் மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகளைப் பாருங்கள். விலை குறைவு, நடத்துநரின் முகம் நேராகத் தெரியும். பக்கத்திலேயே இசைக்கருவி அருங்காட்சியகமும் இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் பெர்லின் ஏன் எனக்கு இரண்டாவது? வரலாறு இங்கே வழிகாட்டியின் வாயில்தான் இருக்கிறது. பழைய அரங்கு இல்லை. சுற்றுப்புறம் போரில் அழிந்து, சுவரால் வெட்டப்பட்டு, புதிதாக எழுந்தது. ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வெளியே வந்தால் எதிரே அகலச் சாலையும் அலுவலகக் கட்டடங்களும்.

லைப்சிக்: ஊர் முழுக்க அரங்கு

லைப்சிக் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆகுஸ்டஸ் சதுக்கம். ஒரு முனையில் ஆப்பரா, நேர் எதிர் முனையில் கெவாண்ட்ஹவுஸ். கான்கிரீட்டும் கண்ணாடியுமாக, எண்பதுகளின் அரசு அலுவலகம் என்று சொன்னாலும் நம்பலாம். பகலில் அப்படித்தான். இருட்டிய பிறகு வந்தால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஓவியம் சதுக்கம் முழுக்கத் தெரியும் அளவுக்கு எரிகிறது. அரங்கின் இருக்கைத் தளங்களின் சாய்ந்த அடிப்பக்கத்தில் ஸிக்ஹார்ட் கில்லே வரைந்தது, 712 சதுர மீட்டர். மாலரின் இசையிலிருந்து எடுத்த யோசனை. டூரில் இதன் கீழே நடந்து போகும்போது, தூரத்தில் வெறும் வண்ணமாகத் தெரிந்தவை முகங்களாகின்றன.

கெவாண்ட்ஹவுஸ் என்ற பெயரில் இது மூன்றாவது கட்டடம். 1743-இல் ஊரின் பணக்காரர்கள் பதினாறு பேர் பணம் போட்டு, பதினாறு இசைக்கலைஞர்களை அமர்த்தித் தொடங்கிய கச்சேரிகள் இவை. அரசனும் இல்லை, அரண்மனையும் இல்லை. வியாபார ஊர், வியாபாரிகள் காசு. கொஞ்ச காலம் ஒரு விடுதியில் நடத்தினார்கள். 1781-இல் துணி வணிகர்களின் கட்டடத்தில் மேல்மாடியை அரங்காக மாற்றிக்கொண்டார்கள். அங்கே கேட்பவர்கள் மேடையைப் பார்த்து உட்காரவில்லை. நீளவாக்கில் இரு பக்கமும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள், என்ன உடை என்பதும் கச்சேரியின் பகுதிதானே.

அந்த மாடியில் நடந்தவற்றைப் பட்டியல் போட்டால் ஐரோப்பிய இசை வரலாற்றின் பாதிப் பாடம் வந்துவிடும். பீத்தோவனின் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோ (ஒரு தனிக்கருவிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய படைப்பு) 1811-இல் பொதுமேடையில் முதலில் ஒலித்தது அங்கே. ஒன்பது வயது கிளாரா வீக், பிற்காலத்தில் கிளாரா ஷூமன், 1828-இல் முதன்முதலாக மேடை ஏறியது அங்கே. மெண்டல்சன் 1835-இல் தலைமைக்கு வந்த பிறகு வேகம் கூடியது. ஷூபர்ட் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆனபின், அதுவரை யாரும் பொதுமேடையில் முழுதாகக் கேட்டிராத அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியை 1839-இல் மெண்டல்சன் நடத்தினார். 1841-இல் ஷூமனின் முதல் சிம்பொனி. 1845-இல் மெண்டல்சனுடைய சொந்த வயலின் கான்செர்ட்டோ, வாசித்தவர் ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலின்காரர் ஃபெர்டினாண்ட் டேவிட்.

தோல்வியும் உண்டு. எனக்கு இந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும். 1859 ஜனவரியில் இருபத்தைந்து வயது பிராம்ஸ் தன் முதல் பியானோ கான்செர்ட்டோவைத் தானே வாசித்தார். முடிந்ததும் கைதட்டல் வரவில்லை, ஸ்ஸ் என்று சீறல் வந்தது. அதே பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோ 1879 புத்தாண்டு அன்று இதே அரங்கில்தான் முதலில் ஒலித்தது. இருபது வருடம், இரண்டு மாலைகள், ஒரே மாடி.

நீங்கள் சுற்றிப் பார்க்கும் கட்டடத்தில் இவை எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் கெவாண்ட்ஹவுஸ் நின்ற இடத்தில் இப்போது ஒரு பழைய வணிக வளாகம். 1884-இல் கட்டிய இரண்டாவது, அமெரிக்காவின் பாஸ்டன் அரங்குக்கே முன்மாதிரியாக இருந்தது. போரில் குண்டு விழுந்து, எஞ்சிய சுவர்களை 1968-இல் இடித்துவிட்டார்கள், இன்று அங்கே பல்கலைக்கழகக் கட்டடம். அப்படியானால் பெர்லினைப் பற்றிச் சொன்ன குறை இதற்கும் பொருந்தாதா? பொருந்தியிருக்கும், சுற்றியுள்ள ஊர் இல்லாவிட்டால்.

மெண்டல்சன் 1847 நவம்பரில் இறந்த வீடு, கெவாண்ட்ஹவுஸிலிருந்து சில நிமிட நடை. அவருடைய அறைகள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. கீழ்த்தளத்தில் ஒரு அறையில் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு மெய்நிகர் ஆர்கெஸ்ட்ராவை நீங்களே நடத்தலாம். ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு கருவிப் பிரிவின் ஒலியும் தனித்தனி ஒலிபெருக்கித் தூணிலிருந்து வரும், கையை மெதுவாக்கினால் அவர்களும் மெதுவாவார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்குத் தனியாக நேரம் வையுங்கள், அவ்வளவு சீக்கிரம் வெளியே வர மாட்டார்கள். அப்புறம் தோமஸ் தேவாலயம், பாக் 27 வருடம் வேலை பார்த்த இடம். ஷூமன் தம்பதி வாழ்ந்த வீடும் இதே ஊரில். இவற்றையெல்லாம் இணைத்து நடைபாதையில் வளைந்த எஃகுப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். சுமார் 5 கிலோமீட்டர், 23 நிறுத்தங்கள். பட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், வரைபடம் அதிகம் தேவைப்படாது.

ஆர்கெஸ்ட்ராவும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. கெவாண்ட்ஹவுஸில் வாசிப்பவர்களே சதுக்கத்துக்கு எதிர்ப்புறம் ஆப்பராவிலும், தோமஸ் தேவாலயத்தில் பாக்கின் கண்டாட்டாக்களுக்கும் (பாடகர்களும் கருவிகளும் சேரும் வழிபாட்டுப் படைப்புகள்) வாசிக்கிறார்கள். ஒரே ஆர்கெஸ்ட்ராவை ஒரே வார இறுதியில் அரங்கிலும் தேவாலயத்திலும் கேட்கக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

மூன்றாவது கட்டடத்துக்கும் சொந்தக் கதை உண்டு. 1981 அக்டோபர் 8 அன்று திறந்தது. கிழக்கு ஜெர்மனி கச்சேரிக்கென்றே புதிதாகக் கட்டிய பெரிய அரங்கு இது. அதற்காக அரசை விடாமல் நச்சரித்தவர் அன்றைய தலைமை நடத்துநர் குர்ட் மசூர். கட்டடக்கலைஞர் ருடால்ஃப் ஸ்கோடா. சுமார் 1,900 இருக்கைகள், நடுவில் எதிர்ச்சுவரை நிறைக்கும் ஆர்கன், அதன்மேல் முதல் அரங்கிலிருந்தே தொடர்ந்து வரும் லத்தீன் வரி, ரோமானியத் தத்துவஞானி செனெகாவுடையது. இருக்கைகள் மேடையைச் சுற்றி ஏறுவதில் ஷாரூனின் சாயல் நன்றாகவே தெரியும்.

திறந்த எட்டே வருடத்தில், 1989 அக்டோபர் 9 அன்று, கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்து வெளியே சதுக்கத்தில் 70,000 பேருக்கு மேல் திரண்டார்கள். ஆயுதத்தோடு படைகள் தயார். எந்த நேரத்திலும் சுடலாம் என்ற நிலை. மசூர் இன்னும் ஐந்து பேரோடு சேர்ந்து எழுதிய வேண்டுகோள் அவர் குரலிலேயே நகர ஒலிபெருக்கிகளில் வந்தது: வன்முறை வேண்டாம், பேசுவோம். சுடவில்லை. அடுத்த வாரங்களில் கெவாண்ட்ஹவுஸின் கதவைத் திறந்துவிட்டு, மக்கள் உட்கார்ந்து விவாதிக்க இடம் கொடுத்தார் மசூர். டூரில் அந்த முகப்புக்கூடத்தின் கண்ணாடி வழியாகச் சதுக்கத்தைப் பார்க்கும்போது, கூட்டம் எவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கும் என்பது தெரியும். ஹாம்பர்க்கின் வெள்ளைச் சுவர் அழகுக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்தக் கண்ணாடிதான்.

மெண்டல்சன் சிலையின் கதையையும் கேளுங்கள், வழிகாட்டி சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கெவாண்ட்ஹவுஸுக்கு முன்னால் நின்ற சிலை அது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக 1936 நவம்பரில், மேயர் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து நாஜிகள் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மேயர் கார்ல் கோர்டலர் பதவியை விட்டு விலகினார். பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கு கொண்டதற்காக 1945-இல் தூக்கிலிடப்பட்டார். சிலையை மறுபடி வார்த்து 2008-இல் தோமஸ் தேவாலயத்துக்கு அருகில் நிறுத்தியிருக்கிறார்கள். நடைப்பாதையில் அதுவும் வரும்.

சரி, யாருக்கு லைப்சிக் வேண்டாம்?

மேற்கத்திய இசைமேல் ஈடுபாடு இல்லாமல், நல்ல கட்டடம் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் ஹாம்பர்க் பிளாசாவுக்குப் போகட்டும், அதிலும் மாலை வெயில் இருக்கும்போது. கட்டடக்கலை மாணவர்கள் பெர்லின் டூரை விடக்கூடாது. அங்கேயே தங்கியிருக்கிறவர்கள் லைப்சிக்கையும் தள்ள வேண்டியதில்லை, வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான், காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். ஹாம்பர்க் பெர்லினிலிருந்து வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்குள். அந்தப் பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும் காலங்களில் நேரம் கூடிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு லைப்சிக் டூர் கொஞ்சம் சங்கடம். ஆங்கிலச் சுற்றுகள் பெரிய நகரங்களைவிட இங்கே குறைவு. எழுதிக் கேட்டால் குழுவாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதுவும் அமையாவிட்டால் நான் டூரை விட்டுக்கொடுப்பேனே தவிர ஊரை விட மாட்டேன். மெண்டல்சன் வீடு, நடைப்பாதை, ஒரு மாலைக் கச்சேரி, இவ்வளவு போதும்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு தோமஸ் தேவாலயத்தில் மோட்டெட் என்ற வழிபாட்டு இசை. பாக் ஒருகாலத்தில் பழக்கிய அதே சிறுவர் பாடகர் குழு, பள்ளி விடுமுறை அல்லாத நாட்களில் பெரும்பாலும் பாடும். நிகழ்ச்சி நிரலுக்குச் சில யூரோ கொடுத்தால் அதுவே நுழைவுச்சீட்டு. கெவாண்ட்ஹவுஸின் பெரிய கச்சேரிகள் காலங்காலமாக வியாழக்கிழமைகளில் நடப்பவை, இப்போது வெள்ளியும் உண்டு, ஆகவே மோட்டெட் முடிந்து நடந்தே வந்துவிடலாம். சனிக்கிழமை என்றால் மோட்டெட் மதியம் மூன்று மணிக்கு, அதில் பாக்கின் கண்டாட்டாவும் சேரும். ஞாயிறு தங்கினால் காலை பதினொரு மணிக்கு மெண்டல்சன் வீட்டில் சிறு கச்சேரி உண்டு.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். ஆர்கெஸ்ட்ராக்கள் கோடை விடுமுறையில் இருக்கும், பெர்லினின் மதியக் கச்சேரி நின்றுவிடும், டூர்களும் குறையலாம். அந்த மாதங்களில் எந்த ஊராக இருந்தாலும் முதலில் அரங்கின் நாட்காட்டி, பிறகு ரயில், கடைசியில் தங்குமிடம் என்ற வரிசையில் முன்பதிவு செய்யுங்கள். டூர் டிக்கெட் எடுக்கும்போது அன்றைக்குப் பெரிய அரங்கு திறந்திருக்குமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் தப்பில்லை. ஒத்திகை அட்டவணை அவர்களிடம் முன்கூட்டியே இருக்கும், தெரிந்தால் சொல்லிவிடுவார்கள்.